இறங்கினாரா, இறக்கப்பட்டாரா?

இன்டர்ன்ஷிப் அனுபவம் பத்தி எழுதித் தரச் சொல்லி நம்ம இதழ் டீம் கேட்டபோது என் ரூம்மேட் சிரித்தாள். "கோடிங்கும் இல்ல, சைட் விசிட்டும் இல்ல, ஸ்டைபெண்டும் பஸ் காசுக்குத்தான் வந்துச்சு. நீ என்னடி எழுதப் போற?"

நியாயமான கேள்விதான். ஆறாவது செமஸ்டர் முடிந்த லீவில் என் சிவில் டிபார்ட்மென்ட் நண்பர்கள் மெட்ரோ சைட், ஸ்ட்ரக்சரல் கன்சல்டன்சி என்று கிளம்பினார்கள். நான் சென்னையில் இருக்கும் ஒரு மனித உரிமை அமைப்பில் மீடியா இன்டர்னாகச் சேர்ந்தேன். செப்டிக் டேங்க்கிலும் பாதாளச் சாக்கடையிலும் நடக்கும் மரணங்களைப் பதிவு செய்வது, அந்தக் குடும்பங்களுக்குச் சட்ட உதவி கொடுப்பது, இதுதான் அங்கே முக்கியமான வேலை. எனக்குப் போஸ்டர் டிசைன் வரும், வீடியோ எடிட்டிங் ஓரளவு வரும். கல்ச்சுரல்ஸுக்கு நோட்டீஸ் செய்ததை ரெஸ்யூமேயில் 'மீடியா அனுபவம்' என்று போட்டிருந்தேன். எடுத்துக்கொண்டார்கள்.

முதல் நாளே ஒருத்தர் என்னைப் பார்த்து "வாங்க தோழர்" என்றார். எனக்குப் பின்னாடி யாரோ நிற்கிறார்கள் போல என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. 21 வயசில் முதல் தடவையாக ஒருத்தர் என்னை 'ங்க' போட்டு, தோழர் என்று கூப்பிடுகிறார். அன்று மதியம் திவ்யபாரதி எடுத்த 'கக்கூஸ்' ஆவணப்படத்தைப் போட்டுக் காட்டினார்கள். 2017-ல் வந்த படம். அதுக்கப்புறம் டிபன் பாக்ஸைத் திறக்கவே கொஞ்ச நேரம் ஆச்சு.

முதல் மூணு வாரம் சுலபமான வேலைதான். பழைய வீடியோக்களுக்கு சப்டைட்டில் போடுவேன். போஸ்டர் செய்வேன். ஃபோட்டோ ஃபோல்டர்களைத் தேதி வாரியாக அடுக்குவேன். நான் எல்.கே.ஜி.யிலிருந்து இங்கிலீஷ் மீடியம். தமிழ் எனக்கு ஒரு சப்ஜெக்ட், அவ்வளவுதான். அதனால் சப்டைட்டில் வேலை எனக்குப் பிடித்தது, தமிழில் கேட்டு இங்கிலீஷில் எழுதினால் போதும். அதிலேயே ஒரு விஷயம் கவனித்தேன். 'மேனுவல் ஸ்கேவெஞ்சிங்' என்று டைப் பண்ணும்போது அது ஏதோ பாடப்புத்தகச் சொல் மாதிரி, கையில் ஒட்டாமல் இருந்தது. அதையே வீடியோவில் ஒரு பாட்டி "மலம் அள்ளுனேன்மா" என்று சொல்வார். அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. அவர் முப்பது வருஷம் செய்த வேலையின் பெயரைக்கூட என்னால் சொல்ல முடியவில்லை.

நாலாவது வாரம்

மீடியா வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா பிரசவ லீவில் போனார். புது ஆள் வர ஒன்றரை மாசம் ஆகும். அதுவரைக்கும் என்ன செய்வது என்று ஒரு மீட்டிங் நடந்தது. முடிவில் எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள்.

அக்கா போகும்போது ஒரு நீளமான ரூல்டு நோட்டை என்னிடம் கொடுத்தார். கூடவே ஒரு பழைய ஃபோன். அந்த ஃபோனில் நிருபர்கள் இருக்கிற வாட்ஸாப் குரூப் இருந்தது. நோட்டில் அவர் கைப்பட எழுதிய குறிப்புகள். எனக்கு நினைவிருக்கிற சிலதைச் சொல்கிறேன்.

வயசை ரெண்டு பேரிடம் கேள். மனைவி சொல்றது, ஆஸ்பத்திரி சீட்டு, ரெண்டும் ஒத்துப்போகணும்.

சாயங்காலம் 4 மணிக்கு மேல அனுப்புற பிரஸ் நோட் நாளைக்குப் பேப்பர்ல வரும்னு எதிர்பார்க்காதே.

அழுதுட்டிருக்கிறவங்ககிட்ட கையெழுத்து வாங்காதே. மறுநாள் போ.

ஃபோட்டோ எடுக்கிற ஃபோன்ல லொகேஷனை ஆஃப் பண்ணு. படத்துக்குள்ளேயே வீடு எங்க இருக்குன்னு பதிஞ்சிடும்.

சம்மதப் படிவத்தைப் படிச்சுக் காட்டு. 'வேண்டாம்'னு சொல்லலாம், அப்புறமா மனசு மாறினாலும் சொல்லலாம்னு ரெண்டு தடவை சொல்லு.

போஸ்டர் செய்தபோது என் வேலையை யாராவது ஒருத்தர் பார்த்து ஓகே சொல்வார், அப்புறம்தான் வெளியே போகும். இப்போது பிரஸ் நோட்டின் அடியில் 'தொடர்புக்கு' என்று இருக்கிற இடத்தில் நான் வைத்திருக்கிற ஃபோன் நம்பர். நிருபர் ஏதாவது கேட்டால் நான்தான் பதில் சொல்லணும். வீட்டில் சொன்னேன். அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "கோர்ட்டு கேஸ்ல எல்லாம் உன் பேரு வராதுல்ல?"

பதிமூணு மார்க் கேள்வி

அந்தச் சனிக்கிழமை காலையில் ஃபீல்டில் இருக்கும் அண்ணனிடமிருந்து மெசேஜ் வந்தது. புறநகரில் ஒரு அபார்ட்மென்ட். செப்டிக் டேங்க் சுத்தம் செய்ய இறங்கிய 2 பேர் விஷவாயு தாக்கி பலி. ஒருத்தருக்கு 36 வயசு, இன்னொருத்தருக்கு 24.

இதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடிதான் வேஸ்ட்வாட்டர் இன்ஜினியரிங் எக்ஸாம் எழுதியிருந்தேன். பார்ட் பி-யில் 13 மார்க்குக்கு அடிக்கடி வரும் கேள்வி உங்களுக்கே தெரியும். இத்தனை பேருக்கு ஒரு செப்டிக் டேங்க் டிசைன் செய்க. டிடென்ஷன் டைம் 24 மணி நேரம் என்று எடுத்துக்கொள்வோம். கசடு எடுக்கும் இடைவெளி 2 வருஷம் என்று கேள்வியிலேயே கொடுத்திருப்பார்கள். நீளம், அகலம், ஆழம் கண்டுபிடித்து, வென்ட் பைப் வரைந்து, அதன் தலையில் கொசு வலை என்று எழுதிவிட்டால் முழு மார்க். நான் நல்லாவே எழுதியிருந்தேன். ஆனால் 2 வருஷத்துக்கு ஒரு தடவை அந்தக் கசடை யார் எடுப்பார்கள் என்று கேள்வித்தாளில் இருக்காது. நாங்களும் கேட்டதில்லை.

உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். காற்று இல்லாத இடத்தில் பாக்டீரியா கழிவைச் சிதைக்கும்போது மீத்தேனும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் உண்டாகும். ஹைட்ரஜன் சல்ஃபைடு காற்றைவிடக் கனமானது, கீழேயே தங்கும். கசட்டின் மேல் ஆடை மாதிரி படிந்திருப்பதைக் கலைத்தால் அடியில் சிக்கியிருந்த வாயு மொத்தமாக வெளியே வரும். கொஞ்சமாக இருக்கும்போது அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். ஆனால் 100 பிபிஎம் அளவுக்குப் போனால் மூக்கு மரத்துப்போகும். நாற்றம் நின்றுவிட்டது, இனிமேல் இறங்கலாம் என்று தோன்றும். உண்மையில் அப்போதுதான் ஆபத்து அதிகம். 1000 பிபிஎம் பக்கத்தில் ஒன்றிரண்டு மூச்சிலேயே ஆள் விழுந்துவிடுவார்.

மேலே நிற்கிறவருக்கு இது எதுவும் தெரியாது. கூட வந்தவன் வழுக்கி விழுந்துவிட்டான் என்று நினைத்து, தூக்குவதற்கு இவரும் இறங்குவார். அந்த 24 வயசுக்காரர் அப்படி இறங்கினவர்தான். ஆபீஸில் இருந்த பழைய ஃபைல்களைப் புரட்டினேன். பல ஃபைல்களில் இதே வரிசை: முதல் ஆள், காப்பாற்றப் போன இரண்டாவது ஆள், சில சமயம் மூணாவது ஆளும்.

ஒரு எழுத்து

பிரஸ் நோட் எழுத உட்கார்ந்தேன். தமிழில்தான் எழுதணும், நிருபர்கள் பெரும்பாலும் தமிழ்ப் பத்திரிகைக்காரர்கள். அண்ணன் அனுப்பிய வரியையே முதல் வரியாக எடுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். 'விஷவாயு தாக்கி பலி.' சின்ன வயசிலிருந்து பேப்பரில் எத்தனையோ தடவை பார்த்த வரி. மின்னல் தாக்கி, யானை தாக்கி, விஷவாயு தாக்கி.

ஆனால் வாயு எங்கேயும் கிளம்பி வந்து யாரையும் தாக்கவில்லை. அது பல மாசமாக அந்தத் தொட்டிக்குள்ளேயேதான் இருந்தது. மனுஷன்தான் அது இருக்கிற இடத்துக்குப் போயிருக்கிறார். ஏன் போனார்? யார் போகச் சொன்னது? இந்த வரியில் அதுக்கு இடமே இல்லை. வாயுவைக் கைது செய்ய முடியாது. அதனால் வரியைப் படித்து முடித்ததும் விஷயமும் முடிந்துவிடுகிறது.

அடுத்து 'இறங்கிய' என்ற வார்த்தை. ஒன்பதாம் வகுப்பில் தன்வினை, பிறவினை என்று ஒன்று படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? திருந்தினான், திருத்தினான். உருண்டான், உருட்டினான். ரெண்டு மார்க்குக்காக மனப்பாடம் செய்தது. அதே ஜோடிதான் இதுவும். இறங்கினார், இறக்கினார். நடுவில் ஒரே ஒரு மெய்யெழுத்துதான் வித்தியாசம். 'இறங்கினார்' என்று எழுதினால் அவராகப் போனார், அவராக இறந்தார். 'இறக்கினார்' என்று எழுதினால் இறக்கினது யார் என்ற கேள்வி உடனே வருகிறது.

அந்தக் கேள்வி சட்டத்திலும் இருக்கிறது. 1993-ல் ஒரு சட்டம் வந்தது, உலர் கழிப்பிடங்களையும் கையால் மலம் அள்ள ஆள் வைப்பதையும் தடை செய்தது. 2013-ல் வந்த புதுச் சட்டம் இன்னும் விரிவானது. அதன் 7-வது பிரிவுப்படி, பாதுகாப்பு உபகரணமும் முன்னெச்சரிக்கையும் இல்லாமல் சாக்கடையிலோ செப்டிக் டேங்க்கிலோ ஆபத்தான முறையில் சுத்தம் செய்ய யாரும் யாரையும் வேலைக்கு வைக்கக் கூடாது, நேரடியாகவும் கூடாது, மறைமுகமாகவும் கூடாது. மீறினால் முதல் தடவைக்கே 2 வருஷம் வரை சிறை, அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது ரெண்டும். ஜாமீனில் விட முடியாத குற்றம். சட்டத்தில் எழுவாய் இருக்கிறது. செய்தியில்தான் காணாமல் போகிறது.

'இறக்கினார்கள்' என்று எழுதி வக்கீல் தோழரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். "நல்லா இருக்கு. யார் இறக்கினாங்க?"

"அசோசியேஷன்ல சொன்னாங்கன்னு அந்தக் குடும்பத்துல சொல்றாங்க தோழர். லாரிக்குக் கேட்டதுல பாதிகூட ஆகாத கூலிக்குப் பேசிக் கூட்டிட்டுப் போயிருக்காங்க."

"எஃப்.ஐ.ஆர்.ல என்ன இருக்கு?"

எஃப்.ஐ.ஆர்.ஐ எடுத்துப் படித்தேன். போலீஸ் தமிழ் தனி பாஷை. 'மேற்படி' இல்லாமல் ஒரு வரி கிடையாது. குற்றம் சாட்டப்பட்டவரை அதில் 'எதிரி' என்று எழுதுவார்கள். முதலில் ஒரு எஃப்.ஐ.ஆர்.ஐப் பார்த்தபோது சொந்தப் பகை போல என்று நினைத்தேன். இந்த எஃப்.ஐ.ஆர்.ல எதிரியே இல்லை. 194-வது பிரிவு, அதாவது பழைய சி.ஆர்.பி.சி. 174. சந்தேக மரணம். அவ்வளவுதான்.

வக்கீல் சொன்னார்: "பேப்பர்ல என்ன இருக்கோ அதை அப்படியே சொல்லு. பேப்பர்ல இல்லாததை யார் சொல்றாங்களோ அவங்க வாயால சொல்லு. நடுவுல நீயா எதையும் சேர்க்காத. நாம கோபமா எழுதுற ஒரு வார்த்தை நாளைக்கு எதிர்த்தரப்பு வக்கீல் கையில இருக்கும்."

கடைசியில் அந்த வரி இப்படி ஆனது: 'பாதுகாப்பு உபகரணம் எதுவும் தரப்படாமல் இருவரும் தொட்டிக்குள் இறக்கப்பட்டதாகக் குடும்பத்தினர் தெரிவிக்கின்றனர். முதல் தகவல் அறிக்கையில் 2013-ம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவுகள் இதுவரை சேர்க்கப்படவில்லை.' இந்த ரெண்டு வரிக்கு ரெண்டு மணி நேரம் ஆனது. ஒரு அசைன்மென்ட்டையே நான் அதைவிடச் சீக்கிரம் முடித்திருக்கிறேன்.

முகம்

மறுநாள் அந்தக் குடும்பத்தைப் பார்க்கப் போனோம். நான், ஃபீல்டு அண்ணன், ஆபீஸில் இருக்கும் இன்னொரு அக்கா. 36 வயசுக்காரரின் மனைவி ஒரு பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருந்தார். நான் நோட்டில் இருந்தபடி எதையும் கேட்கவில்லை. அதுக்கு அடுத்த நாள் மறுபடி போய்ச் சம்மதப் படிவத்தைப் படித்துக் காட்டினேன். முழுசாகக் கேட்டார்.

"கேஸுக்கு எங்க வேணும்னாலும் கையெழுத்து போடுறேன் பாப்பா. டிவி மட்டும் வேணாம்."

காரணத்தையும் அவரே சொன்னார். மூத்த பெண் எட்டாவது படிக்கிறாள். அப்பா லாரி ஓட்டுகிறார் என்றுதான் பள்ளிக்கூடத்தில் சொல்லியிருக்கிறாள். வீட்டிலும் அவளிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள். பேப்பரில் சின்னதாகப் பேர் வந்துவிட்டது, அதை யாரும் கவனிக்கவில்லை. டிவியில் முகம் வந்தால் தெரு முழுக்கத் தெரியும். "அவ நாளைக்கு ஸ்கூலுக்குப் போகணும்ல?"

அன்று மதியம் ஒரு சேனல் நிருபர் ஃபோன் செய்தார். அரை மணி நேர நிகழ்ச்சியில் இதை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். மனைவியின் பேட்டி வேண்டும். 5 மணிக்குள் சொல்லணும். நான் முடியாது என்றேன். அவர் கோபப்படவில்லை, பொறுமையாகத்தான் பேசினார்: "முகம் இல்லாம ஸ்டோரி நிக்காதும்மா. போன தடவை ஒரு கேஸ்ல அந்தம்மா அழுதது ஓடின மறுநாள்தான் அதிகாரிங்க வீட்டுக்கு வந்தாங்க. நஷ்ட ஈடு சீக்கிரம் வரணும்னா உங்களுக்கும் இது தேவைதானே?"

அவர் சொன்னது உண்மை. இழப்பீட்டுத் தொகைக்கே ஒரு வரலாறு இருக்கிறது. 1993-லிருந்து சாக்கடையிலும் செப்டிக் டேங்க்கிலும் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் தரணும் என்று உச்ச நீதிமன்றம் 2014 மார்ச்சில் தீர்ப்பு சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. ஆனால் தீர்ப்பு வந்ததும் பணம் தானாக வீட்டுக்கு வந்துவிடாது. மனு, விசாரணை, ஃபைல், மறுபடி மனு. நடுவில் யாராவது வந்து சின்னத் தொகையைக் கையில் கொடுத்து, வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கப் பார்ப்பார்கள். வெளிச்சம் விழுந்த ஃபைல் வேகமாக நகரும்.

ஆபீஸிலும் ரெண்டு கருத்து இருந்தது. ஃபீல்டு அண்ணன், "இன்னொரு தடவை கேட்டுப் பாருங்க, சொன்னா புரிஞ்சுப்பாங்க" என்றார். அவர் அந்தக் குடும்பத்தின் நல்லதுக்குத்தான் சொன்னார், பதினைந்து வருஷமாக இந்த வேலையில் இருப்பவர். முகத்தை மங்கலாக்கிப் போடலாமே என்று இன்னொருத்தர் சொன்னார். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. டிவியில் முகத்தை மறைத்துக் காட்டுவது யாரை? திருட்டு கேஸில் பிடிபட்டவர்களை. இந்த விஷயத்தில் முகத்தை மறைத்துக்கொள்ள வேண்டியவர் அந்த அக்கா இல்லையே.

எனக்கு ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. ரெண்டு தடவை 'வேண்டாம்னு சொல்லலாம்' என்று நான்தான் படித்துக் காட்டினேன். அவர் வேண்டாம் என்று சொன்ன பிறகு 'இன்னொரு தடவை கேட்டுப் பார்க்கலாம்' என்றால், அந்தப் படிவத்துக்கே அர்த்தம் இல்லாமல் போய்விடும். அதுவும் நஷ்ட ஈட்டைக் காரணம் காட்டிக் கேட்டால், அது கேட்பது இல்லை, நெருக்குவது. இதை மீட்டிங்கில் சொன்னேன். குரல் நடுங்கியது, ஆனாலும் சொன்னேன். அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் "சரி தோழர், உங்க பொறுப்பு, நீங்க முடிவு பண்ணுங்க" என்றார். 4.40-க்கு நிருபருக்கு ஃபோன் செய்து முடியாது என்றேன். சேனல் வரவில்லை.

படம்

முகம் இல்லாமல் எதைக் காட்டுவது? அன்று இரவு ஹாஸ்டலில் உட்கார்ந்து எனக்குத் தெரிந்த ஒரே படத்தை வரைந்தேன். எக்ஸாமில் வரைவோமே, செப்டிக் டேங்க்கின் குறுக்குவெட்டு. ஃபீல்டு அண்ணன் வெளியிலிருந்து எடுத்த அளவுகளை வைத்து, மூடி எவ்வளவு குறுகலானது, உள்ளே எவ்வளவு ஆழம், கசடு எங்கே, வாயு எங்கே தேங்கும் என்று போட்டேன். பக்கத்திலேயே இன்னொரு கட்டம்: சட்டப்படி அங்கே இருந்திருக்க வேண்டியவை. உறிஞ்சும் லாரி, குழாய், வாயு அளக்கும் கருவி, மேலே பயிற்சி பெற்ற ஆட்கள். உள்ளே ஒரு ஆளும் தேவையில்லை. எல்லா லேபிளும் தமிழில். 'ஸ்லட்ஜ்' என்பதற்கு 'கசடு' என்ற வார்த்தையை வக்கீல் தோழர்தான் சொல்லிக் கொடுத்தார்.

அந்தப் படத்தோடு பிரஸ் நோட் போனது. ஒரு பேப்பர் படத்தைத் திருப்பி வரைந்து ரெண்டு காலத்தில் போட்டது. தலைப்பில் 'விஷவாயு தாக்கி' இல்லை. 'பாதுகாப்பின்றி இறக்கப்பட்ட' என்று இருந்தது. மற்ற பேப்பர்களில் பழைய வரியேதான். ரெண்டு வாரம் கழித்து வழக்கில் 2013-ம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவுகள் சேர்ந்தன. அது வக்கீல் தோழர் திரும்பத் திரும்ப மனு போட்டதால் நடந்தது, என் படத்தால் இல்லை. இதை எழுதும் வரை இழப்பீடு வரவில்லை, ஃபைல் நகர்ந்துகொண்டிருக்கிறது. டிவியில் வந்திருந்தால் சீக்கிரம் வந்திருக்குமா? இருக்கலாம். அந்தப் பெண் ஸ்கூலுக்குப் போய்க்கொண்டிருக்கிறாள் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

ஒன்றரை மாசம் கழித்துப் புது ஆள் வந்தார். நோட்டையும் ஃபோனையும் கொடுத்தேன். நோட்டின் கடைசியில் நானும் ஒரு வரி சேர்த்திருந்தேன்: 'ஒவ்வொரு வரியிலும் யார் செய்தது என்று கேள். பதில் தெரியாவிட்டால், தெரியவில்லை என்று தெரிகிற மாதிரி எழுது.'

ஜூனியர்ஸுக்கு

ரோபோ செய்யலாமே என்று என் பேட்ச் பசங்க கேட்கிறார்கள். நல்ல யோசனைதான். கேரளாவில் நம்மை மாதிரி இன்ஜினியரிங் படித்த பசங்க 'பாண்டிகூட்' என்று ஒரு ரோபோவையே செய்து 2018-ல் திருவனந்தபுரத்தில் இறக்கினார்கள். ஆனால் நான் பார்த்த அந்த அபார்ட்மென்ட்டுக்கு ரோபோகூடத் தேவைப்பட்டிருக்காது. சாதாரண உறிஞ்சும் லாரி போதும். அது அதே ஊரில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. மெஷின் இல்லாததால் அவர்கள் இறக்கவில்லை. மெஷினைவிட மனுஷன் மலிவாகக் கிடைத்ததால் இறந்தார்கள். இந்த மரணங்கள் பத்தி ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் கொடுத்த கணக்குகளில் தமிழ்நாடு முதல் வரிசையில் இருக்கிறது. இத்தனை இன்ஜினியரிங் காலேஜ் இருக்கிற மாநிலம்.

நீங்கள் யாரும் என்.ஜி.ஓ.வில் சேரணும் என்று சொல்ல வரவில்லை. ரெண்டு விஷயம் மட்டும்.

ஒன்று, உங்கள் அபார்ட்மென்ட்டிலோ, நீங்கள் தங்கியிருக்கும் பி.ஜி.யிலோ செப்டிக் டேங்க் சுத்தம் செய்யப் போகிறார்கள் என்று தெரிந்தால், லாரியா ஆளா என்று கேளுங்கள். ஆள் இறங்கப் போகிறார் என்றால் நிறுத்துங்கள். 14420 என்ற எண்ணுக்கு அழைத்தால் லாரிக்கு ஏற்பாடு செய்யலாம். யாராவது உள்ளே விழுந்துவிட்டால் தயவுசெய்து தூக்கப் பின்னாலேயே இறங்காதீர்கள், இறங்கவும் விடாதீர்கள். தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள், அவர்களிடம் மூச்சுக் கருவி இருக்கும்.

ரெண்டு, ஏழாவது செமஸ்டரில் எஸ்டிமேஷன் வரும். பில் ஆஃப் குவான்டிட்டீஸில் செங்கல், சிமென்ட், கம்பி எல்லாம் போடுவீர்கள். செப்டிக் டேங்க் வந்தால் பராமரிப்பு என்று ஒரு வரி சேருங்கள். கசடு எடுப்பது லாரி என்று எழுதுங்கள். அது நிற்பதற்கு இடமும் பிளானில் விடுங்கள். அந்த அபார்ட்மென்ட்டில் தொட்டி கட்டடத்தின் பின்பக்கச் சந்தில் இருந்தது. லாரி உள்ளே வரவே முடியாது. அந்தச் சந்தையும் நம்மை மாதிரி ஒரு இன்ஜினியர்தான் வரைந்திருப்பார்.